நிறையாத செவி

பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ஒரு பொருள், தான் செய்ய வேண்டியதை எல்லாம் பழுதின்றிச் செய்த பின்னும் நமக்கு நிறைவு தராமற்போவது ஏன்? வினா பழையது. செல்வத்தைக் குறித்தும் பதவியைக் குறித்தும் சான்றோர் இதனைப் பலகாலும் கேட்டிருக்கின்றனர். இன்று அது நம் இல்லங்களின் வரவேற்பறையில் புதியதொரு வடிவில் வந்து நிற்கிறது. இசையை நுணுகிக் கேட்கப் பழகிய அன்பர் ஒருவர், பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிட்டு, சில இலட்சம் ரூபாய் விலையுள்ள ஒலிபெருக்கிகளை வாங்கி வீட்டில் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் வியப்பு. அடுத்த வாரம் ஐயம். சில திங்கள் கழிந்தால் ஏமாற்றம். அதன் பிறகு, இதனினும் விலை உயர்ந்ததை வாங்கினால் என்ன என்னும் எண்ணம். அடுக்களையில் சிறிய வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கும் அவருடைய துணைவியாருக்கோ இத்துயரம் சிறிதும் இல்லை.

குறை எங்கே இருக்கிறது? கருவியிலா, செவியிலா, நெஞ்சிலா? எல்லாம் ஆசையின் விளைவு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அப்பால் செல்வது எளிது. ஆயினும் அத்தீர்ப்பு நீதியாகாது. நுணுகிக் கேட்பவர் எல்லாரும் பேராசைக்காரர் அல்லர். வீட்டை அழகு செய்ய விரும்பியிருந்தால் அவர் வேறு எதையேனும் வாங்கியிருப்பார். அவர் தேடுவது உண்மையான நாதத்தை. எனவே அவருடைய ஏமாற்றத்தை மதித்து, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

தூதுவனின் கடமை

நெல்லையப்பர் திருக்கோவிலின் இசைத்தூண்களை நம்மில் பலர் கண்டிருப்போம். நடுவே பெருந்தூணும், அதனைச் சூழ்ந்து சிறு தூண்களுமாக ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை அவை. மெல்லத் தட்டினால் ஒவ்வொரு சிறு தூணும் தனக்கென்று அமைந்த ஓர் ஒலியைத் தரும். அதன் பருமனும் உயரமும் கல்லின் செறிவும் சேர்ந்து அவ்வொலியை முடிவு செய்கின்றன. தூணின் பெருமை அதன் சொந்தக் குரல். வீணைக்கும் நாகசுரத்துக்கும் அதுவே பெருமை. வீணையின் குடம் தனக்குரிய முறையில் அதிராவிட்டால் அது வீணை ஆகாது.

ஒலிபெருக்கிக்கோ இதற்கு நேர்மாறான அறம் விதிக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் சொந்தக் குரல் இருத்தல் ஆகாது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் பொறியாளர் இருவர் வெளியிட்ட அமைப்பே, நூறாண்டு கடந்தும் பெரும்பாலான வீட்டு ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படையாக உள்ளது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். இந்தக் கூம்பும், அது பொருந்திய பெட்டியும் தம் விருப்பப்படி அதிரத் தொடங்கினால், வீணையும் வயலினும் மனிதக் குரலும் ஒரே சாயம் தோய்ந்தவை போலக் கேட்கும். நாம் கொடுக்கும் பெரும்பொருள் எதற்குச் செலவாகிறது? அதிராத கனத்த பெட்டிக்கு, வளையாத கூம்புக்கு, தாழ்ந்த ஓசையையும் உயர்ந்த ஓசையையும் பிரித்து உரிய கூம்புகளுக்கு அனுப்பும் மின்சுற்றுக்கு. சுருங்கச் சொன்னால், ஒலிபெருக்கி தன்னைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கே விலை கொடுக்கிறோம். தன்னை மறைத்துக்கொண்டு, சொல்லியனுப்பியதை மட்டும் சொல்பவனே நல்ல தூதுவன்.

ஏமாற்றத்தின் முதல் வித்து இங்கேயே விழுகிறது. விலை உயர்ந்த கருவி எதனையும் இனிமையாக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதுவோ உள்ளதை உள்ளபடி உரைக்க வந்தது. உள்ளபடி உரைக்கும் தூதுவனை எல்லா அரசர்களும் விரும்பியதில்லை.

விலை உயர்ந்தவை யாவும் இவ்வறத்தைக் காக்கின்றன என்றும் சொல்வதற்கில்லை. மரவேலைப்பாட்டுக்கும் பெயருக்கும் பணம் பெற்றுக்கொண்டு, தாழ்ந்த ஓசையை மட்டும் பெருக்கிக் காட்டி மயக்குவனவும் உண்டு. அவை கடையில் பத்து நிமிடம் வியக்க வைக்கும். வீட்டில் பத்து நாளில் சலித்துவிடும்.

குடமும் நீரும்

சேரன்மகாதேவிக்கு அருகே, தாமிரபரணி வளமூட்டும் காருகுறிச்சி இரண்டு காரணங்களால் பெயர் பெற்றது. ஒன்று மண்பாண்டம்; மற்றொன்று நாகசுரம். அவ்வூரில் 1921இல் பிறந்த அருணாசலம், டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் மாணவராகி, தம் ஊர்ப்பெயரையே தம் பெயராக்கி நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகசுரம் இணைந்து ஒலித்தபோது, கச்சேரி கேட்கும் பழக்கமில்லாதவரும் அவரை அறிந்தனர். இரண்டே ஆண்டுகளில், 1964இல், அவர் மறைந்தார். நம் வட்டாரத்து இசையன்பர் ஒருவர் தம் புதிய ஒலிபெருக்கியில் முதலில் கேட்க விரும்புவது அவருடைய வாசிப்பாக இருந்தால் அதில் வியப்பில்லை.

கேட்கிறார். முன்பு கேளாத பலவும் கேட்கின்றன. ஒலிநாடாவின் இரைச்சல் கேட்கிறது. படியிலிருந்து படியெடுத்ததால் நேர்ந்த தேய்வு கேட்கிறது. வாசிப்பு ஓங்கும் இடங்களில் மைக் தாங்கமாட்டாமல் எழுப்பிய கரகரப்புக் கேட்கிறது. சிறிய வானொலிப் பெட்டி இவற்றை எல்லாம் தன் இயலாமையால் மறைத்திருந்தது. இயலாமை சில வேளைகளில் இரக்கம் போலவே நடந்துகொள்கிறது.

காருகுறிச்சிக் குயவர் வனைந்த மண்குடத்தில் முகந்தாலும் பொற்குடத்தில் முகந்தாலும், ஆற்றின் எந்தத் துறையில் முகந்தோமோ அந்தத் துறையின் நீரே வீடு வந்து சேரும். பாபநாசத்தில் முகந்தால் பொதிகையின் தெளிநீர் வரும். ஊர்க்கழிவு கலக்கும் துறையில் முகந்தால் அதுவே வரும். குடத்தின் விலை நீரின் தூய்மையைக் கூட்டாது. கண்ணாடிக் குடமாயின் கலங்கல் இன்னும் நன்றாகத் தெரியும். விலைமிகு ஒலிபெருக்கி அத்தகைய கண்ணாடிக் குடம். ஒலிப்பதிவில் இல்லாத ஒன்றை அது எங்கிருந்தும் கொண்டுவர இயலாது.

பழைய பதிவுகளின் குறை வறுமையால் வந்தது. புதிய பதிவுகள் பலவற்றின் குறையோ அவசரத்தால் வருவது. 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது, மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையே 90 டெசிபலுக்கு மேற்பட்ட இடைவெளியைக் காக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆனால் தம் பாடல் பிறர் பாடலைவிட உரத்து ஒலிக்க வேண்டும் என்னும் போட்டியில், வல்லொலியை அடக்கி மெல்லொலியை உயர்த்தி, மலையையும் பள்ளத்தையும் ஒரே மேடாக்கிவிட்டனர். பேருந்திலும் கடைவீதியிலும் கேட்பதற்கு அது போதும். அமைதியான அறையில், நல்ல ஒலிபெருக்கியின்முன் அமர்ந்து கேட்பவருக்கு, ஓயாமல் உரக்கப் பேசும் ஒருவரோடு அடைபட்டது போன்ற களைப்பு உண்டாகிறது.

நான்கு சுவர்கள்

ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஓசை நேரே செவிக்கு மட்டும் வருவதில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பியும் வருகிறது. நம் வீடுகளைப் பாருங்கள்: மொசைக்கோ பளிங்கோ பதித்த தரை, சிமெண்டுப் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. வெயிலுக்கு ஏற்ற வீடு, இசைக்கு ஏற்றதன்று. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையில், சுமார் 47 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் 57 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும், அவற்றின் மடங்குகளிலும் ஓசை தேங்கி நிற்கும். அகலமும் உயரமும் ஒன்றாயிருந்தால் தேக்கம் இரட்டிக்கும். அந்தத் தாழ்ந்த ஓசை, சுவரோரம் அமர்ந்தவருக்குப் பருத்து முழங்கும். அறையின் நடுவில் அமர்ந்தவருக்கு மெலிந்து மறையும். ஒலிபெருக்கியின் விலை ஆயிரமாயினும் இலட்சமாயினும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஏனெனில் இது அறையின் கணக்கு.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் வாலஸ் சபைன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் எவர் பேசினாலும் சொல் விளங்கவில்லை. 1895இல் அவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. ஒருமுறை எழுந்த ஓசை அடங்க ஐந்தரை வினாடி ஆவதை அவர் கண்டார். அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து முன்னைய சொல்லின்மேல் விழுந்துவிடுகின்றன. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு ஓசையை உறிஞ்சுகிறது என அளந்தார். அந்த அளவைக்கு அவர் கொண்ட அலகு நம் சிந்தைக்கு உரியது: திறந்த சன்னல். திறந்த சன்னலில் போன ஓசை திரும்பி வருவதில்லை அல்லவா!

இவ்வுண்மையை ஆலயங்களிலும் காணலாம். உயர்ந்த கூரையும் வெறுஞ்சுவரும் உள்ள ஆலயத்தில் வாசகம் விளங்கவில்லை என்று மக்கள் முறையிட்டால், இன்னும் வலிய ஒலிபெருக்கிக்கு நன்கொடை திரட்டப்படுவதுண்டு. வலிமை கூடும்போது எதிர்முழக்கமும் அதே அளவில் கூடுகிறது, சொல் தெளிவதில்லை. திருவிழா நாளில் மட்டும் சற்றுத் தெளிவாகக் கேட்கும். நிறைந்திருக்கும் மக்களின் உடலும் உடையும் ஓசையை வாங்கிக்கொள்வதே அதன் காரணம்.

காருகுறிச்சிக்கு அண்மையிலுள்ள பத்தமடையின் கோரைப்பாய் உலகறிந்தது. அதனைத் தரையில் விரித்தால் அறையின் கூச்சல் தணியாதா என்று கேட்கலாம். மெல்லிய பாய் உயர்ந்த ஓசைகளைச் சிறிதே தணிக்கும்; தாழ்ந்த ஓசைகளுக்கு அது ஒரு தடையே ஆகாது. கனத்த திரைச்சீலை, பஞ்சு மெத்தை, புத்தகம் நிறைந்த அலமாரி, ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தல், அமரும் இடத்தை மாற்றிப் பார்த்தல் என எளிய வழிகள் பல உண்டு. இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஆனால் இவற்றை எந்தக் கடையும் விளம்பரம் செய்வதில்லை.

கொள்கலத்தின் இயல்பு

அறையையும் சீர் செய்துவிட்டார் நம் அன்பர். நல்ல பதிவும் கிடைத்துவிட்டது. இனியேனும் நிறைவு உண்டா?

நாகசுரம் வெளியில் வாசிப்பதற்குப் பிறந்த கருவி. வீதியின் ஒரு முனையில் வாசித்தால் மறுமுனையில் கேட்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. அந்த நாதத்தை அதே வலிமையோடு பத்தடி அறைக்குள் எழுப்பினால் தாங்க முடியாது, வலிமையைக் குறைக்கிறோம். அப்போது எல்லா ஓசைகளும் ஒரே விகிதத்தில் குறைந்தனவாக நம் செவிக்குப் படுவதில்லை. ஒலி குறையக் குறையத் தாழ்ந்த ஓசைகளை நம் செவி மற்றவற்றைவிட விரைவாக இழக்கிறது. 1933இல் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் இதனை அளந்து காட்டினர். தவிலின் வலந்தலை கேட்கும். தொப்பியின் அடிநாதமோ மெலிந்துபோகும். கருவி உண்மையே பேசுகிறது. கேட்கும் செவியின் இயல்பு அவ்வாறு அமைந்திருக்கிறது.

செவிக்குப் பின்னால் மனம் இருக்கிறது. ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒலிபெருக்கிகளைக் கண்ணால் கண்டு மதிப்பிட்டபோது ஒரு விதமாகவும், திரைக்குப் பின் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தபோது வேறு விதமாகவும் கேட்போர் மதிப்பிட்டதைக் காட்டினர். பழகிய செவியுடையோரும் இதற்கு விலக்கல்லர். பார்வைக்குப் பெரியது, பெயர் பெற்றது என்னும் எண்ணமே நன்றாக ஒலிப்பதாக அவர்களை நம்பவைத்தது. இதில் பொய் சொன்னவர் எவரும் இல்லை. அவர்கள் உண்மையிலேயே அவ்வாறு கேட்டனர்.

கொள்கலத்தின் தன்மைக்கு ஏற்பவே கொள்ளப்படுவதும் அமையும் என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் பல இடங்களில் எடுத்தாளும் கோட்பாடு. அறிவைப் பற்றி ஆராய்கையில் அவர் அதனைப் பயன்படுத்தினார். இசைக்கும் அது பொருந்தும். ஒலிப்பதிவைக் கொள்ளும் கலம் கருவி. கருவியின் ஓசையைக் கொள்ளும் கலம் அறை. அறையின் ஓசையைக் கொள்ளும் கலம் செவி. செவி தருவதைக் கொள்ளும் கலம் மனம். பணத்தால் மாற்றக்கூடியது இவற்றுள் ஒன்றே. நிறைவு முழுவதையும் அந்த ஒன்றிடமே கேட்பதுதான் ஏமாற்றத்தின் வேர்.

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, செவி வழியாகப் பெறுவதைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்தார். அவர் கருதியது சான்றோர் சொல்லைக் கேட்பதை. எனினும் அச்செல்வம் விலைக்கு வாங்குவதன்று, பழகிப் பெறுவது என்பது இரண்டுக்கும் பொது. ஓர் இராக ஆலாபனை எவ்வாறு விரிகிறது என்பதை அறிந்தவர், சிறிய பெட்டியிலும் அதனைப் பின்தொடர்வார். அறியாதவருக்குப் பெரிய பெட்டி ஓசையை மட்டுமே பெரிதாக்கித் தரும்.

பயணமும் ஊர்தியும்

இன்னும் ஆழமான ஆபத்து ஒன்று உண்டு. நுணுகிக் கேட்பவர் நாளடைவில் இசையைக் கேட்பதை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைக் கேட்கத் தொடங்குகிறார். தாளத்தின் ஒலி தெளிவாக இருக்கிறதா, அடிநாதம் இறுகி வருகிறதா என்று தேர்வு நடத்துகிறார். பாட்டு வினாத்தாள் ஆகிவிடுகிறது. மூன்று நிமிடம் கேட்டு அடுத்ததற்குத் தாவுகிறார். இறுதிவரை கேட்டது ஒன்றும் இல்லை.

புனித அகுஸ்தீனார் 'கிறித்தவக் கோட்பாடு' என்னும் நூலில், பயன்படுத்துதல், துய்த்தல் என்னும் இரண்டையும் வேறுபடுத்துகிறார். சில பொருள்கள் துய்ப்பதற்கு உரியவை. சில, அங்கே நம்மைக் கொண்டு சேர்ப்பதற்காகப் பயன்படுத்த உரியவை. தாய்நாடு திரும்பும் வழிப்போக்கன், ஊர்தியின் சுகத்திலும் வழியின் அழகிலும் மயங்கி, போக வேண்டிய நாட்டை மறந்துவிடுவதை அவர் உவமையாக்கினார். அவர் காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. ஆனால் இசையின் இந்த இக்கட்டு அவருக்குத் தெரிந்திருந்தது. பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகமாக அசைத்துவிடுகிறதோ என்று தம் 'ஒப்புகைகள்' நூலின் பத்தாம் பிரிவில் அவர் கலங்குகிறார். ஆயினும் திருவழிபாட்டில் பாடும் வழக்கத்தை ஏற்கிறார். நம் நிலையோ அவருடையதைவிட ஒரு படி கீழே இருக்கிறது. பாட்டுக்கும் நமக்கும் இடையே ஒரு பெட்டி வந்து, பாட்டின்மீது செல்ல வேண்டிய அன்பையும் அது வாங்கிக்கொள்கிறது.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: "கருவியில் அக்கறை கொள்வது குற்றமா? சிற்பி தன் உளியைத் தீட்டுவதில்லையா?" நியாயமான மறுப்பு. உளியைத் தீட்டுவது கடமை. தீட்டப்படாத உளி கல்லைக் கெடுக்கும். ஆனால் உளியைத் தீட்டுவதிலேயே வாழ்நாள் கழிந்து, கல் தொடப்படாமற் கிடந்தால் அவரைச் சிற்பி என்போமா? எல்லைக்கோடு இலட்ச ரூபாயிலும் இல்லை, ஆயிரம் ரூபாயிலும் இல்லை. கருவி நம்மை இசையிடம் விட்டுவிட்டு விலகுகிறதா என்பதில் இருக்கிறது.

பக்கத்து வீதியின் மௌனம்

இந்த ஆராய்ச்சி வரவேற்பறையோடு முடிந்துவிடுமானால் இது வசதியுள்ள சிலரின் கவலையாகவே நின்றிருக்கும். ஆனால் இதில் பிறருடைய பிழைப்பும் அடங்கியிருக்கிறது. மறைந்த மேதையின் நாதத்தை அறைக்குள் வரவழைப்பதற்கு இலட்சங்களைச் செலவிடுகிறோம். அதே நாதத்தை இன்று எழுப்பக்கூடியவர், அதே ஆற்றின் கரையில், அழைப்புக்காகக் காத்திருக்கிறார். திருமணக் கூடங்கள் பலவற்றில் மேளக் குழுவின் இடத்தை ஒலிப்பதிவு பிடித்துக்கொண்டது. கோவில்கள் பலவற்றில் பூசை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் முழங்குகின்றன. ஒலிபெருக்கி கலைஞனின் தூதுவனாக வந்தது. கலைஞனின் இருக்கையில் அமர்ந்துவிட்டது. தூதுவன் அரசனாவது எந்த நாட்டுக்கும் நல்லதில்லை.

நுணுகிக் கேட்பவரின் ஏமாற்றம் இங்கேதான் தன் முழுப் பொருளைப் பெறுகிறது. அவர் தம் அறையில் இல்லாததைக் கண்டுகொண்டார். அது எதிரே நிற்கும் ஒரு மனிதர். அவர் மூச்சை இழுக்கும் கணம். சீவாளியை நனைத்துச் சரிசெய்யும் இடைவெளி. தவிற்காரரை நோக்கி அவர் திரும்பும் ஒரு பார்வை. கூட்டத்தின் தலையசைப்பைக் கண்டு அவர் இன்னொருமுறை வாசிக்கும் ஒரு பிடி. கேட்பவரும் அங்கே வாசிப்பின் ஒரு பகுதி ஆகிறார். இதனை எந்தக் கூம்பும் காற்றில் தள்ள இயலாது. ஆகவே இந்த ஏமாற்றம் நேர்மையானது; அது தவறான முகவரிக்கு அனுப்பப்படுவதே துன்பம். மேலும் விலை உயர்ந்த கருவியிடம் செல்ல வேண்டிய கடிதமன்று அது; வாசிக்கும் மனிதரிடம் செல்ல வேண்டியது.

ஒலிபெருக்கியை விற்றுவிடச் சொல்லவில்லை. மறைந்தோரின் குரலைக் கேட்க நமக்கு வேறு வழி ஏது? 1964இல் அடங்கிய ஒரு மூச்சு இன்றும் நம்மை அசைக்கிறதென்றால் அதற்கு அக்கருவியிடம் நாம் நன்றியுடையோம். அதனிடம் அது தரக்கூடியதை மட்டும் கேட்போம். சுவருக்கு ஒரு திரை, பாட்டை முழுதும் கேட்கும் பொறுமை, வேண்டுமானால் ஒரு திறந்த சன்னல்: இவை போதும். எஞ்சிய பொருளில் ஒரு பங்கை, வீட்டில் நிகழும் மங்கல நாளுக்கு மேளக் குழு ஒன்றை அழைப்பதற்கும், பங்குத் திருவிழாவின் சப்பரப் பவனிக்கு நாகசுரம் வைப்பதற்கும் ஒதுக்கலாம். ஆனித் தேரின்போது நெல்லையின் ரத வீதியில் கூட்டத்தோடு நின்று கேட்பதற்கோ காசும் வேண்டாம்.

அங்கே ஒலி ஒரே சீராக இராது. பின்னால் குழந்தை அழும், வண்டி ஊதும், காற்று திசை மாறும்போது நாதம் ஒரு கணம் மெலிந்து மீண்டும் வரும். நுணுகிக் கேட்பவர் இக்குறைகளை எல்லாம் கேட்பார். கேட்டும், வீடு திரும்ப மனமின்றி நிற்பார்.